கெரி கில்டால்: 64 கிலோபைற்று நினைவகத்தில் ஒரு பணிசெயல் முறைமை

பணிசெயல் முறைமைகள் என்னும் அலகைக் கற்கும் மாணவர்களிடம் அத்துறையுடன் தொடர்புடைய ஒருவரின் பெயரைக் கேட்டால் பில் கேட்ஸ் என்பர். இன்னுஞ் சிலர் லினஸ் ரோர்வால்ட்ஸ் என்பர். கெரி கில்டால் என்று சொல்பவர் மிகச் சிலரே. ஆயினும் சிறிய கணினிகளுக்கென ஒரு பணிசெயல் முறைமையை ஆக்கி, அதனை வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகளில் இயங்கச் செய்து, வணிக ரீதியிலும் வெற்றி கண்ட முன்னோடி இவரே ஆவார்.

இவரது வாழ்க்கை வரலாற்றை இக்கைந்நூலிற் சேர்ப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒரே கணினியில் இரண்டாவது பணிசெயல் முறைமை ஒன்றை இயக்கும்போது நினைவகம் எவ்வாறு மட்டுப்படுகின்றது என்ற வினாவுக்கு, நினைவகம் போதாது என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்லும் மாணவர் அநேகர். அவ்வாறான விடைக்குப் புள்ளி கிடைப்பது அரிது. கில்டால் தமது தொழில்வாழ்வின் பெரும்பகுதியை இந்தப் பிரச்சினையுடனேயே கழித்தவர். அவர் செய்தவற்றை ஒழுங்காகப் படித்தால் விடை தானாகவே விளங்கும்.

இளமைக் காலம்

கில்டால் 1942 மே 19ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள சியாற்றில் நகரிற் பிறந்தார். அவரது குடும்பத்தினர் கப்பலோட்டும் மாலுமிகளுக்குத் திசையறி கலை கற்பிக்கும் பள்ளி ஒன்றை நடத்தி வந்தனர். இளவயதிலே அப்பள்ளியிற் கற்பித்த கில்டால், கணித ஆசிரியராக வரும் நோக்கத்துடனேயே வாஷிங்டன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அங்கே கணினியைக் கண்டதும் அவரது நாட்டம் திரும்பியது. 1963இல் பள்ளிக்காலத் தோழியான டொரதி மக்ஈவனைத் திருமணஞ் செய்தார். இப்பெயரை நினைவில் வைத்திருக்க. பின்னர் வரும் முக்கிய கட்டத்தில் இவரும் இடம்பெறுகின்றார்.

அது வியட்நாம் போர்க்காலம். கட்டாய இராணுவ சேவைக்குட்பட்ட கில்டால், கலிபோர்னியாவின் மொன்ரறே நகரிலிருந்த கடற்படைப் பட்டப்பின் படிப்புக் கல்லூரியில் விரிவுரையாளராகப் பணியாற்றி அக்கடமையை நிறைவேற்றினார். 1972இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். மொழிபெயர்ப்பி ஒன்று செய்நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும்போது தேவையற்ற கணிப்புகளை எவ்வாறு நீக்கலாம் என்பதே அவரது ஆய்வுப் பொருள். அதன்வழி அவர் 1973இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை தரவுப் பாய்ச்சல் பகுப்பாய்வு என்னும் துறைக்கு அடிப்படையாய் அமைந்தது. குறைந்த இடத்தில் கூடிய வேலை செய்விக்கும் கலை அவருக்கு இங்கிருந்தே கைவந்தது எனலாம்.

நுண்முறைவழியாக்கியின் வருகை

1971இல் இன்ரெல் நிறுவனம் 4004 என்னும் நுண்முறைவழியாக்கியை வெளியிட்டது. கல்லூரி அறிவித்தற் பலகையில் 25 டொலருக்கு ஒரு கணினி என்ற பொருள்படும் விளம்பரத்தைக் கண்ட கில்டால் ஒன்றை வாங்கினார். அக்காலத்துக் கணினிகள் ஓர் அறையை நிரப்புவன. கையடக்கமான ஒரு சில்லு கணினியின் வேலையைச் செய்யும் என்பதைப் பலர் நம்பவில்லை. கில்டால் நம்பினார். விடுமுறை நாட்களில் இன்ரெல் நிறுவனத்துக்கு ஆலோசகராகப் பணி செய்யத் தொடங்கினார். அந்நிறுவனத்தின் 8008 சில்லுக்காகப் பி.எல்/எம் என்ற உயர்மட்ட மொழியை 1973இல் ஆக்கினார். கூலியின் ஒரு பங்காகக் கிடைத்த கணினித் தொகுதியைத் தமது வகுப்பறையின் பின்புறத்தில் வைத்து மாணவர்களுக்கும் பயன்பட விட்டார்.

இங்கு ஓர் அடிப்படை விடயத்தை மாணவர் விளங்கிக் கொள்ள வேண்டும். ஒரு முறைவழியாக்கி எவ்வளவு நினைவகத்தை அணுகலாம் என்பதை அதன் முகவரி வரிகளின் எண்ணிக்கையே தீர்மானிக்கின்றது. 8008இல் முகவரியின் நீளம் 14 பிற்று. ஆகவே 2இன் 14ஆம் அடுக்கு, அதாவது 16,384 பைற்று வரையே அணுகலாம். இது 16 கிலோபைற்று. 1974இல் வந்த 8080இல் முகவரி 16 பிற்று. 65,536 பைற்று, அதாவது 64 கிலோபைற்று. கடையில் வாங்கி மேலும் நினைவகம் பொருத்தினாலும் முறைவழியாக்கிக்கு அதைச் சுட்டிக் காட்ட முகவரி இல்லை. வீடு கட்டியும் தெரு இலக்கம் இல்லாதவனுக்குத் தபால் வராததைப் போன்றது இது. நினைவகத்தின் எல்லை வேறு, பணம் போதாமை வேறு என்பதை இவ்விடத்திலேயே பிரித்தறிந்து கொள்க. அக்காலத்தில் இரண்டுமே இருந்தன.

சி.பி/எம் பிறத்தல்

நுண்கணினிகளிற் செய்நிரல்களைச் சேமிப்பதற்கு அப்போது கடதாசி நாடாவே பயன்பட்டது. அது மெதுவானது, எளிதிற் கிழியக் கூடியது. கில்டாலுக்கு சுகாட் நிறுவனத்திடமிருந்து 8 அங்குல நெகிழ்வட்டுச் செலுத்தி ஒன்று கிடைத்தது. ஆனால் அதனைக் கணினியுடன் இணைக்கும் கட்டுப்படுத்திச் சுற்று இருக்கவில்லை. தாமே அமைக்க முயன்று தோற்றார். பின்னர் நண்பர் ஜோன் ரொறோட் அதனை அமைத்துக் கொடுத்தார். 1974இல், பசிபிக் குறோவ் என்ற சிறு கடற்கரை ஊரில், கில்டாலின் வீட்டுப் பின்வளவிலிருந்த கருவிக் கொட்டிலில் அவரது பணிசெயல் முறைமை முதன்முதல் நெகிழ்வட்டிலிருந்து இயங்கியது. அதுவே சி.பி/எம்.

அதனை இன்ரெல் நிறுவனத்துக்குக் காட்டியபோது அவர்கள் பெரிதாக விருப்பங் காட்டவில்லை. ஆகவே கில்டாலும் டொரதியும் தாமே விற்க முன்வந்தனர். இன்ரகலக்ரிக் டிஜிற்றல் றிசேர்ச் என்று விளையாட்டாகத் தொடங்கிய நிறுவனப் பெயர் பின்னர் டிஜிற்றல் றிசேர்ச் எனச் சுருங்கியது. கணக்கு வழக்கு, கடிதம், ஒப்பந்தம் யாவும் டொரதியின் பொறுப்பு. செய்நிரல் கில்டாலின் பொறுப்பு.

சி.பி/எம் நினைவகத்தை எவ்வாறு பங்கிட்டது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். பரீட்சைக்கு நேரடியாக உதவுவதும் இதுவே. முதல் 256 பைற்று முறைமையின் தேவைக்கு ஒதுக்கப்பட்டது. அதற்கு அடுத்து, பயனரின் செய்நிரல் ஏற்றப்படும் வெளி. நினைவகத்தின் மேல் அந்தத்தில் முறைமையின் மூன்று பகுதிகள் அமர்ந்திருந்தன: பயனர் தட்டச்சிடும் கட்டளையை வாங்கும் பகுதி, கோப்புகளையும் வட்டையும் கையாளும் பகுதி, வன்பொருளுடன் நேரே பேசும் பகுதி. 2.2ஆம் பதிப்பில் முதலாவது 2 கிலோபைற்று, இரண்டாவது 3.5 கிலோபைற்று. மூன்றாவதன் அளவு கணினிக்குக் கணினி வேறுபடும். அது 2.5 கிலோபைற்று எனக் கொண்டால், 64 கிலோபைற்றில் ஏறத்தாழ 8 கிலோபைற்று முறைமைக்கும் மிகுதி 56 கிலோபைற்றுக்குச் சற்றுக் குறைவானது செய்நிரலுக்கும் கிடைக்கும்.

இதில் ஒரு நுட்பமுண்டு. செய்நிரல் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்திற் பயனர் கட்டளை தட்டச்சிடுவதில்லை. எனவே கட்டளை வாங்கும் பகுதி நினைவகத்தில் வீணாகக் குந்தியிருக்க வேண்டிய அவசியமில்லை. இடம் போதாத பெரிய செய்நிரல் அதன்மேல் எழுதி அந்த 2 கிலோபைற்றையும் எடுத்துக் கொள்ளலாம். வேலை முடிந்ததும் அப்பகுதி வட்டிலிருந்து மீண்டும் ஏற்றப்படும். இன்றைய மெய்நிகர் நினைவகத்தைப் படிக்கும்போது இவ்வுத்தியை நினைத்துக் கொண்டால் விளக்கம் எளிதாகும். இரண்டும் ஒன்றல்ல, ஆயினும் உடனடியாகத் தேவைப்படாததை வட்டில் வைத்திருத்தல் என்னும் எண்ணம் இரண்டிலும் உண்டு.

மூன்றாவது பகுதியைத் தனியே பிரித்ததே கில்டாலின் மிகப் பெரிய பங்களிப்பு என்பது எமது கருத்து. ஆரம்பத்தில் ஒவ்வொரு வகைக் கணினிக்கும் சி.பி/எம் முழுவதையும் திருத்தி எழுத வேண்டியிருந்தது. 1976 அளவில் இம்சாய் நிறுவனத்தின் தேவைக்காக இவ்வேலையைச் செய்தபோது, வன்பொருளுக்கேற்ப மாறும் வரிகளை ஒரே இடத்திற் சேர்த்து அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு முறைமை எனப் பிரித்தார். அதன் சுருக்கமே பயோஸ். அப்பெயர் சி.பி/எம் மூலமே வழக்குக்கு வந்தது. இதன்பின் கணினி உற்பத்தியாளர் தமக்குரிய பயோஸ் பகுதியை மாத்திரம் எழுதினாற் போதும். ஏனையவை அப்படியே இயங்கும். 1978இல் வெளிவந்த வேட்ஸ்ரார் போன்ற செய்நிரல்கள் பல நிறுவனக் கணினிகளில் ஓடியமைக்கு இதுவே காரணம்.

அப்பிள் கணினியில் இரண்டாவது முறைமை

1980இல் மைக்ரோசொப்ற் நிறுவனம் சொப்ற்காட் என்ற ஓர் அட்டையை விற்பனைக்கு விட்டது. விலை 349 டொலர். அப்பிள் II கணினியில் இருந்த முறைவழியாக்கி 6502. அது 8080இன் கட்டளைகளை அறியாது. ஆகவே சி.பி/எம் அதில் ஓடாது. சொப்ற்காட்டில் இசட்-80 என்னும் வேறொரு முறைவழியாக்கி பொருத்தப்பட்டிருந்தது. அது 8080இன் கட்டளைகளையும் விளங்கிக் கொள்ளும். அட்டையைச் செருகி சி.பி/எம் நெகிழ்வட்டைப் போட்டால் அப்பிள் கணினி சி.பி/எம் கணினியாக மாறிவிடும். வட்டை மாற்றினால் மீண்டும் அப்பிளின் சொந்த முறைமை. கணினியொன்றில் இரண்டாவது பணிசெயல் முறைமை என்பதற்கு வீட்டுப் பாவனையாளர் பலர் கண்ட முதல் உதாரணம் இது. கில்டாலின் முறைமையை மைக்ரோசொப்ற் உரிமம் பெற்று விற்றது என்பதையும் கவனிக்க. அன்று இரு நிறுவனங்களுக்கிடையிலும் பகை இருக்கவில்லை.

இப்போது நினைவகக் கணக்குக்கு வருவோம். அக்கணினியில் 48 கிலோபைற்று நினைவகம் இருந்தது எனக் கொள்வோம். இரண்டு முறைவழியாக்கிகளும் அதே நினைவகத்தையே மாறி மாறிப் பயன்படுத்தின. திரையில் எழுத்துக் காட்டல், வட்டை இயக்கல் போன்ற வேலைகளை 6502 தொடர்ந்து செய்ய வேண்டியிருந்தது. அதற்குரிய தரவுகள் நினைவகத்தின் தொடக்கத்திலுள்ள 4 கிலோபைற்றில் இருந்தன. சி.பி/எம்முக்கும் தொடக்க முகவரிகளே வேண்டும். ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர். அட்டையிலிருந்த சுற்று முகவரிகளை இடம்பெயர்த்து, இசட்-80க்குத் தொடக்கமாகத் தெரியும் இடம் உண்மையில் 4 கிலோபைற்று தள்ளி அமையுமாறு செய்தது. 48இல் 4 போக சி.பி/எம்முக்கு 44 கிலோபைற்று. மேலதிக நினைவக அட்டை பொருத்தினால் 56 கிலோபைற்று. அதற்குள்ளும் சி.பி/எம் தனக்குரிய கிலோபைற்றுகளை எடுத்துக் கொண்ட பின்னரே செய்நிரலுக்கு இடம்.

நாம் எழுத வேண்டிய விடை இங்கே கிடைக்கின்றது. இரண்டாவது முறைமைக்கு முழு நினைவகமும் கிடைப்பதில்லை. முதலாவது முறைமை அல்லது அதன் வன்பொருள் தொடர்ந்து வைத்திருக்க வேண்டிய பகுதி முதலிற் கழிக்கப்படும், இரண்டாவது முறைமையின் சொந்தத் தேவை அடுத்துக் கழிக்கப்படும், எஞ்சியதே பிரயோக மென்பொருளுக்கு உரியது. இன்று 8 கிகாபைற்று கணினியில் மெய்நிகர் இயந்திரம் ஒன்றை நிறுவி அதற்கு 4 கிகாபைற்று ஒதுக்கும்போதும் நடப்பது இதே கழித்தற் கணக்குத்தான்.

ஐ.பி.எம் விவகாரம்

1980இல் ஐ.பி.எம் நிறுவனம் தனியாள் கணினி ஒன்றை இரகசியமாகத் தயாரித்து வந்தது. அதற்குப் பணிசெயல் முறைமை தேடி முதலில் மைக்ரோசொப்ற்றிடம் சென்றபோது, பில் கேட்ஸ் அவர்களைக் கில்டாலிடம் அனுப்பி வைத்தார். அதன்பின் நடந்தது பற்றி ஒரு கதை பல நூல்களிற் காணப்படுகின்றது. ஐ.பி.எம் அலுவலர் வந்த அன்று கில்டால் பொழுதுபோக்குக்காக விமானம் ஓட்டச் சென்றுவிட்டார், அந்த அலட்சியத்தால் உலகத்தையே இழந்தார் என்பது அக்கதை. சோம்பல் கூடாது என்பதற்கு உதாரணமாக இதை வகுப்பிற் கூறும் வழக்கமும் உண்டு. இது அவருக்குச் செய்யப்பட்ட அநியாயம் என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

கில்டால் அன்று விமானத்திற் சென்றது உண்மை. ஆனால் அவர் சென்றது தமது வாடிக்கையாளர் ஒருவரைச் சந்திக்கும் வேலைக்காக. விமானம் ஓட்டுவது அவரது வழமையான பயண முறை. வணிக ஒப்பந்தங்களை எப்போதும் போல டொரதியே கவனித்தார். பேச்சைத் தொடங்குமுன் ஐ.பி.எம் நீட்டிய இரகசியக் காப்பு ஒப்பந்தம் பெருமளவுக்கு ஒருபக்கச் சார்பானது. சட்டத்தரணியின் ஆலோசனைப்படி டொரதி அதில் ஒப்பமிடத் தயங்கினார். அன்று பிற்பகல் கில்டால் திரும்பிய பின் நடந்தவை பற்றிச் சம்பந்தப்பட்டவர்கள் பின்னாளில் வெவ்வேறு விதமாகக் கூறியுள்ளனர். ஒருமுறைக் கொடுப்பனவா, விற்கப்படும் ஒவ்வொரு பிரதிக்கும் உரிமைப் பங்கா என்பதிலும் இரு தரப்பும் உடன்படவில்லை. முறிவுக்குக் காரணம் பல. விமானம் மட்டுமன்று.

ஐ.பி.எம் மீண்டும் மைக்ரோசொப்ற்றிடம் சென்றது. மைக்ரோசொப்ற்றிடம் அப்போது பொருத்தமான முறைமை இருக்கவில்லை. சியாற்றில் கொம்பியூற்றர் புறடக்ற்ஸ் என்ற சிறு நிறுவனத்தில் ரிம் பற்றர்சன் 1980இல் எழுதிய 86-டொஸ் என்பதை முதலில் உரிமம் பெற்று, 1981 யூலையில் முழுமையாக வாங்கியது. சி.பி/எம்முக்கு எழுதப்பட்ட செய்நிரல்களை இலகுவாக மாற்றியமைப்பதற்காக அதன் இடைமுகம் சி.பி/எம்மை ஒட்டியே அமைக்கப்பட்டிருந்தது. 1981 ஓகஸ்ட் 12ஆந் திகதி ஐ.பி.எம் கணினி வெளியாகியது. பி.சி.டொஸ் என்ற பெயரில் வந்த அம்முறைமையைக் கண்ட கில்டால் தமது வேலை பிரதிபண்ணப்பட்டதாகக் கருதினார். மென்பொருள் பதிப்புரிமை பற்றிய சட்டம் அன்று தெளிவற்றிருந்த நிலையில் அவர் வழக்குத் தொடரவில்லை. அதற்குப் பதிலாக சி.பி/எம்-86ஐயும் தமது கணினிக்கு விற்பதாக ஐ.பி.எம் இணங்கியது.

விலைப் பட்டியல் வெளிவந்தது. பி.சி.டொஸ் 40 டொலர், சி.பி/எம்-86 240 டொலர். மக்கள் எதை வாங்கியிருப்பர் என்பதை விளக்கத் தேவையில்லை. சி.பி/எம்-86 கடைக்கு வந்ததும் 1982இலேயே. பல ஆண்டுகள் சந்தையில் முதலிடத்தில் இருந்த முறைமை, ஐ.பி.எம் கணினியில் இரண்டாவது முறைமை என்னும் இடத்துக்குத் தள்ளப்பட்டது.

ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவை

இரண்டு முறைமைகளை வைத்திருத்தல் வேறு, அவற்றை ஒரே நேரத்தில் இயக்குதல் வேறு. இவ்விரண்டையும் குழப்பி எழுதிப் புள்ளி இழப்போர் ஆண்டுதோறும் உளர். ஐ.பி.எம் கணினியில் ஒரு நெகிழ்வட்டில் பி.சி.டொஸ், மற்றொன்றில் சி.பி/எம்-86 வைத்திருப்பவர் தொடங்கும்போது ஒன்றைத் தெரிவு செய்வார். 1983இல் வன்தட்டுடன் கூடிய ஐ.பி.எம் எக்ஸ்.ரி கணினி வந்தபோது, வன்தட்டை நான்கு பிரிவுகள் வரை பிரித்து வெவ்வேறு முறைமைகளை வைக்க இடமளிக்கப்பட்டது. இவ்வகையில் வட்டு பங்கிடப்படுகின்றது, நினைவகம் பங்கிடப்படுவதில்லை. எழுந்து நிற்கும் முறைமை நினைவகம் முழுவதையும் எடுத்துக் கொள்ளும். மற்றையது வட்டில் உறங்கும். இரட்டைத் தொடக்கம் என்று இன்று நாம் சொல்வதும் இதுவே.

ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வேலை என்றால் நிலைமை மாறும். கில்டாலின் நிறுவனம் இதனை 1979இலேயே எம்.பி/எம் என்னும் முறைமையில் எதிர்கொண்டது. பலர் ஒரே கணினியைப் பயன்படுத்த வேண்டும். முகவரியோ 64 கிலோபைற்று மட்டும். ஆகவே நினைவகத் தொகுதிகள் பலவற்றைப் பொருத்தி, ஒரு நேரத்தில் ஒன்றை மாத்திரம் முறைவழியாக்கிக்குக் காட்டினர். உதாரணமாக 16 கிலோபைற்று எல்லோருக்கும் பொது. மிகுதி 48 கிலோபைற்று ஆளுக்கு ஆள் மாறும். மேடை ஒன்று, திரைச்சீலைகள் பல என்று மனதிற் கொள்க.

ஐ.பி.எம் கணினியின் 8088 முறைவழியாக்கிக்கு முகவரி 20 பிற்று. 1,048,576 பைற்று, அதாவது 1 மெகாபைற்று. அதன் மேற்பகுதி 384 கிலோபைற்றை ஐ.பி.எம் திரைக்கும் வாசிப்பு மட்டும் நினைவகத்துக்கும் ஒதுக்கியது. செய்நிரல்களுக்கு எஞ்சியது 640 கிலோபைற்று. முதற் கணினிகள் 16 அல்லது 64 கிலோபைற்றுடன் விற்கப்பட்டபடியால் 640 என்பது அப்போது பெருஞ் செல்வமாகத் தெரிந்தது. 1980களின் முற்பகுதியில் டிஜிற்றல் றிசேர்ச் ஒரே நேரத்திற் பல செய்நிரல்களை ஓட்டும் கொன்கரன்ற் சி.பி/எம்-86ஐ வெளியிட்டது. விசையொன்றை அழுத்தித் திரைகளை மாற்றலாம். தொழினுட்பத்தில் அது காலத்தை முந்தியது. ஆனால் 256 கிலோபைற்று உள்ள கணினியில் முறைமையும் அமர்ந்து நான்கு செய்நிரல்களும் அமர வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எஞ்சும் என்று கணித்துப் பாருங்கள். அக்காலத்து விலையில் மேலதிக நினைவகம் வாங்கக் கூடியவர் சிலரே. நல்ல முறைமை ஒன்று நினைவகத்தின் விலையால் தடைப்பட்டதற்கு இது உதாரணம்.

1985இல் இன்ரெல் 80386ஐ அறிமுகஞ் செய்தது. முகவரி 32 பிற்று, 4 கிகாபைற்று. அதைவிட முக்கியமானது, அது பழைய 8086 முறைவழியாக்கிகள் பல தனித்தனியே இருப்பதுபோன்ற தோற்றத்தை வன்பொருளிலேயே தரவல்லது. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மெகாபைற்று இருப்பதாக எண்ணி இயங்கும். டிஜிற்றல் றிசேர்ச் 1987இல் இதனைப் பயன்படுத்தி கொன்கரன்ற் டொஸ் 386ஐ வெளியிட்டது. டொஸ்ஸுக்கு எழுதப்பட்ட செய்நிரல்கள் ஒன்றையொன்று அறியாமல் அருகருகே ஓடின.

1990இல் வந்த டி.ஆர்.டொஸ் 5.0 மற்றொரு வழியைக் காட்டியது. 640 கிலோபைற்றைக் கூட்ட முடியாது. ஆனால் அதற்குள் இருக்கும் முறைமையை வெளியே குடியேற்றலாமல்லவா? முறைமையின் பெரும்பகுதி 1 மெகாபைற்று எல்லைக்குச் சற்று மேலேயுள்ள சிறு பகுதிக்கு மாற்றப்பட்டது. செலுத்திகள் 640இற்கும் 1 மெகாபைற்றுக்கும் இடையிலுள்ள வெற்றிடங்களுக்குச் சென்றன. பொருத்தமான கணினிகளில் 600 கிலோபைற்றுக்கு மேல் செய்நிரலுக்குக் கிடைத்தது. 1991இல் வெளியான எம்.எஸ்.டொஸ் 5.0இலும் இதையொத்த வசதி இடம்பெற்றது. யார் யாரைப் பின்பற்றினர் என்பது இம்முறை மாறியிருந்ததை மாணவர் கவனிக்கலாம்.

இறுதிக் காலம்

கில்டால் இயல்பில் ஓர் ஆசிரியர். 1983 முதல் 1990 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் கொம்பியூற்றர் குறொனிக்கிள்ஸ் என்ற நிகழ்ச்சியில் இணைத் தொகுப்பாளராகத் தோன்றிக் கணினியைப் பொதுமக்களுக்கு விளக்கினார். போட்டி நிறுவனத்தார் பலரும் அந்நிகழ்ச்சிக்கு வந்தனர். எவரையும் அவர் பழித்துப் பேசியதில்லை. வேறொரு நிறுவனத்தைத் தொடங்கி, 1985இல் குறோலியர் கலைக்களஞ்சியத்தை இறுவட்டில் வெளிக்கொணர உதவினார். ஒரு தொகுதி நூல்கள் ஒரே வட்டில் அடங்கின.

1991இல் நொவெல் நிறுவனம் டிஜிற்றல் றிசேர்ச்சை வாங்கியது. ஒரு காலத்தில் 500 பேருக்கு மேல் வேலை செய்த நிறுவனம் இவ்வாறு கைமாறியது. கில்டால் ரெக்சாசுக்குக் குடிபெயர்ந்தார். பணத்துக்குக் குறைவிருக்கவில்லை. ஆனால் விமானக் கதை அவர் எங்கு சென்றாலும் கூடவே சென்றது. டொரதியுடனான திருமணம் ஏற்கெனவே முறிந்திருந்தது, இரண்டாவது திருமணமும் நிலைக்கவில்லை, மதுப்பழக்கம் கூடியது. 1992இல் வாஷிங்டன் பல்கலைக்கழகக் கணினி விஞ்ஞானப் பிரிவின் ஆண்டுவிழாவுக்கு அதன் பழைய மாணவரான அவர் அழைக்கப்பட்டார். விழாவின் பேச்சாளரோ அப்பல்கலைக்கழகத்திற் படிக்காத பில் கேட்ஸ். அதன்பின் கில்டால் தமது தரப்பை ஒரு நூலாக எழுதி, 1993ஆம் ஆண்டளவில் நெருங்கியவர்களுக்கு மட்டும் பிரதிகள் கொடுத்தார். அச்சேறவில்லை.

1994 யூலை 8ஆந் திகதி மொன்ரறேயிலுள்ள மதுச்சாலை ஒன்றில் விழுந்து தலையிற் காயமடைந்தார். யூலை 11ஆந் திகதி இறந்தார். வயது 52. சியாற்றிலின் வடபகுதியிலுள்ள எவகிறீன் வொஷெலி மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

டி.ஆர்.டொஸ்ஸின் உரிமையைப் பின்னர் பெற்ற கல்டெறா நிறுவனம் 1996இல் மைக்ரோசொப்ற்றுக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தது. 2000 ஜனவரியில் அது இணக்கத்தில் முடிவடைந்தது. டொரதி 2005இல் காலமானார். 2014 ஏப்ரலில் பசிபிக் குறோவ், லைற்ஹவுஸ் வீதி, 801ஆம் இலக்க வீட்டின் முன்னே பொறியியலாளர் நிறுவகத்தின் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. நிறுவனத்தின் பழைய தலைமையகம் அதுவே. அதே ஆண்டு கணினி வரலாற்று அரும்பொருளகம் சி.பி/எம்மின் ஆரம்ப மூலக் குறிமுறையை வெளியிட்டது. கில்டால் எழுதி வைத்த நினைவுக் குறிப்பின் முதற் பகுதி, குடும்பத்தினரின் இசைவுடன், 2016இல் எல்லோரும் வாசிக்கக் கிடைத்தது.

பயிற்சி

முகவரி 20 பிற்று உள்ள முறைவழியாக்கி அணுகக்கூடிய நினைவகத்தின் அளவைக் கணித்து, ஐ.பி.எம் கணினியில் அதில் 640 கிலோபைற்று மாத்திரமே செய்நிரல்களுக்குக் கிடைத்தமைக்குக் காரணந் தருக. இரட்டைத் தொடக்கத்திலும் மெய்நிகர் இயந்திரத்திலும் நினைவகம் பங்கிடப்படும் விதத்தை வேறுபடுத்துக. 48 கிலோபைற்று அப்பிள் கணினியில் சி.பி/எம்முக்கு 44 கிலோபைற்று மட்டும் கிடைத்தது ஏன் என்பதை வரிப்படத்துடன் விளக்குக; வரிப்படத்தில் முகவரிகளைக் குறிக்க மறக்க வேண்டாம்.